நூற்றுப் பதினேழு குறிப்புகள்

மரக்கரண்டியைப் பாத்திரத்தின் குறுக்கே வைத்தால் பால் பொங்காது என்று நோட்டில் தெளிவாக எழுதியிருந்தது. பால்தான் அதைப் படிக்கவில்லை.

அது கரண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. நாலு பக்கமும் வழிந்தது. அடுப்பை அணைத்தது. மேடையில் உருண்டு, கீழே கரண்டிகள் வைக்கும் இழுப்பறைக்குள் புகுந்து, அங்கிருந்து சொட்டுச் சொட்டாகத் தரைக்கு இறங்கியது.

அந்த நேரத்தில் ரிஜிஸ்டர் கூடத்தில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் குழாய்த் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் சிவப்பு அட்டைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்ததில் அந்தப் பெயர் தேய்ந்துபோய்விட்டது. வாசல் காவலாளியிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் ரிஜிஸ்டர். முகத்துக்கு நேரே மட்டும் 'சார்'.

"சார், காலையிலேருந்து நானூறு குழாய் பாஸ் ஆயிருக்கு. எழுதிடட்டுமா சார்?" என்றார் போனில் மேற்பார்வையாளர்.

"ஏன்யா, தண்ணி ஒழுங்கா வர்ற குழாயைப் பத்தி எழுத என்னய்யா இருக்கு? கவிதை எழுதப் போறியா? ஒழுகுறது எத்தனை?"

"மூணு சார்."

"அதை எழுது! எந்த மெஷின், யார் கை, எவ்வளவு முறுக்கு, ஒண்ணு விடாம எழுது. இதைக்கூட லீவு நாள்ல நான்தான் வந்து உங்களுக்குப் பால் புகட்டுற மாதிரி..."

பால் என்ற சொல் வாயிலிருந்து வந்ததும்தான் மூக்குக்கு அந்த வாடை எட்டியது. ரிஜிஸ்டர் ஓடினார். சமையலறை வாசலில் கால் வழுக்கியது. குளிர்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு அரைவட்டம் அடித்து நின்றார்.

"அறிவு இருக்கா உனக்கு?" என்று பாலைப் பார்த்துக் கேட்டார்.

மணி பத்தே கால். ஒரு மணிக்கு நாலு பேருக்குச் சாப்பாடு மேசையில் இருக்க வேண்டும்.

இந்த வம்பு வியாழக்கிழமை தொடங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி மெதுவாகத்தான் சொன்னாள்:

"என்னங்க, பெண்கள் பயிற்சி நிலையத்துலேருந்து கூப்பிட்டாங்க. வாரத்துல மூணு நாள், காலையில, நாப்பது பேருக்குச் சமையல் வகுப்பு எடுக்கச் சொல்றாங்க. சட்டுனு செய்யற சமையலும் வீட்டுக் குறிப்பும்."

"எடுக்கறதுன்னா?"

"சொல்லிக் குடுக்கறது."

ரிஜிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தால் வீட்டில் யாருக்கும் அது நல்லதில்லை.

"சமையல்ல சொல்லிக் குடுக்க என்ன இருக்கு? அடுப்பைப் பத்த வெக்கணும், அடுப்பை அணைக்கணும். நடுவுல கொஞ்சம் நிக்கணும். இதுக்கு ஒரு வகுப்பா? கரும்பலகை உண்டா? 'கொதித்தல், ஓர் அறிமுகம்'னு தலைப்பு எழுதுவியா? பரீட்சையில தோத்தவங்க மறுபடியும் வெந்நீர் வெக்கணுமா?"

மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கத்தியிருந்தால் ரிஜிஸ்டர் பதிலுக்குக் கத்திவிட்டுத் தூங்கப் போயிருப்பார். அவள் கத்தவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"சரி. ஞாயித்துக்கிழமை மதியம் நீங்க சமைங்க. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், அவிச்ச முட்டை, கடைசியில பால்ல ஏதாவது ஒரு இனிப்பு. நாலு பேருக்கு. அண்ணனும் அண்ணியும் வருவாங்க. அண்ணன்தான் நடுவர். ஒரு மணிக்கு வாயில வெக்கற மாதிரி இருந்தா, இதுல சொல்லிக் குடுக்க ஒண்ணுமில்லைன்னு நானே ஒத்துக்கறேன். வகுப்புக்கு வரலைன்னு எழுதிக் குடுத்துடறேன்."

"இல்லேன்னா?"

"வகுப்பு இருக்கற மூணு நாளும் காலைச் சமையல் உங்களுது."

"எழுதிக்கோ!" என்றார் ரிஜிஸ்டர்.

"யாரையும் கேட்கக் கூடாது. போன்லயும் கேட்கக் கூடாது."

"என்னை யார்னு நினைச்சே? ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் குழாயை நிமிர்த்துறவன்!"

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். ஒன்பது பத்துக்கு ரிஜிஸ்டர் சமையலறையின் எல்லாக் கதவுகளையும் திறந்து பார்த்து முடித்தார். பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றே தெரியவில்லை. எல்லா டப்பாவும் ஒரே மாதிரி. எதிலும் சீட்டு இல்லை. "இது சமையலறையா, ரகசியப் போலீஸ் ஆபீசா?" என்று பல்லைக் கடித்தார்.

ஒன்பதரைக்கு, மாவு டப்பாவுக்குப் பின்னால், அந்த நோட்டு கிடைத்தது.

சிவப்பு அட்டை. அவரே ஆறு வருஷத்துக்கு முன்னால் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கொடுத்த அன்று, பதிவேடு என்றால் என்ன, அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அரைமணி நேரம் பேசியதும் நினைவுக்கு வந்தது. அவள் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டாளோ இல்லையோ, கண்ணில் தண்ணீர் வந்தது. தன் பேச்சுதான் காரணம் என்று அவர் அன்றைக்கே முடிவு செய்திருந்தார்.

திறந்தார். அசந்துபோனார். வரிசை எண், தேதி, பொருள், அளவு, நேரம், யார் சொன்னது என்று பக்கம் பக்கமாகக் குறிப்புகள். 'மாடி வீட்டு அக்கா', 'வாரப் பத்திரிகை', 'தொலைக்காட்சி, பச்சைப் புடவைக்காரி' என்று மூலம்கூட விடாமல் எழுதியிருந்தாள். மொத்தம் நூற்றுப் பதினேழு. பல பக்கங்களில் எண்ணெய்க் கறை. ஒரு பக்கத்தின் ஓரம் கருகியே இருந்தது. ஒரு பக்கம் அடுத்த பக்கத்தோடு ஏதோ பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு தடவை எடுத்துப் பார்த்திருக்கிறாள்!

யாரையும் கேட்கக் கூடாது என்றுதானே நிபந்தனை? நோட்டு எப்படி 'யாரும்' ஆகும்? ரிஜிஸ்டர் தன் பக்கத்து நியாயத்துக்குத் தானே தலையாட்டிக்கொண்டார்.

ஒன்றுதான் உறுத்தியது. முடிவு எழுதும் கட்டம் இல்லை. அளவு இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஆனால் செய்து பார்த்ததில் என்ன ஆயிற்று என்று ஒரு வரி கிடையாது. தொழிற்சாலையில் யாராவது இப்படி ஒரு பதிவேட்டை நீட்டியிருந்தால் அவன் முகத்திலேயே எறிந்திருப்பார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் பக்கத்தின் ஓரத்தில் எழுதினார்: 'முடிவு குறிப்பிடப்படவில்லை. கவனிக்க.' கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் இட்டார்.

அதற்குப் பிறகுதான் குறிப்பு எண் நாலு: பாலும் மரக்கரண்டியும்.

இப்போது பால் பாத்திரத்தின் அடியில் கறுப்பாக ஒரு தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவிக்குப் பிடித்த பாத்திரம். அதில் வேறு யாராவது வெந்நீர் வைத்தால்கூட அவளுக்கு முகம் சுருங்கும். முதலில் இதைச் சரிசெய்தாக வேண்டும் என்று ரிஜிஸ்டர் நோட்டைப் புரட்டினார்.

குறிப்பு முப்பத்தொன்று: 'தீய்ந்த பாத்திரத்தில் சமையல் சோடா நாலு கரண்டி, அதன் மேல் வினிகர் ஒரு கப். உடனே மூடவும். பத்து நிமிடம்.'

"இதுதான் அறிவியல்!" என்றார். நாலு கரண்டிக்குப் பதில் எட்டுக் கரண்டி போட்டார். அவருடைய கோபத்துக்கு நாலு போதவில்லை. வினிகரை ஊற்றி, மூடியை அழுத்திப் பிடித்தார்.

மூடிக்குள் ஏதோ முணுமுணுத்தது. பிறகு மூடி அவர் கையைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. வெள்ளை நுரை நாலு பக்கமும் பிதுங்கி, மேடையில் தவழ்ந்து, பக்கத்துத் தட்டில் வறுவலுக்காக அரைமணி நேரம் போராடி நறுக்கி வைத்திருந்த உருளைக்கிழங்கை ஆசையோடு கட்டிப்பிடித்துக்கொண்டது.

"விடு அதை! விடுன்னா!" என்று நுரையைக் கையால் தள்ளினார்.

பாத்திரத்தின் கறுப்பு இம்மியும் அசையவில்லை. உருளைக்கிழங்கு மட்டும் பளபளவென்று சுத்தமாகியிருந்தது. ஒரு துண்டை எடுத்து நக்கிப் பார்த்து, முகத்தை நாலாக மடித்தார்.

இதற்கிடையே, டப்பா டப்பாவாகத் திறந்து கண்டுபிடித்திருந்த பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். நாக்கு உள்ளே சுருண்டு தொண்டைக்குள் ஒளிந்துகொண்டது. கோபத்தில் இருப்பவன் கை உப்பு ஜாடிக்குள் எத்தனை தடவை போய்வந்தது என்று அந்தக் கைக்கே தெரியாது.

குறிப்பு பதினெட்டு: 'உப்பு கூடினால் உருளைக்கிழங்கை நறுக்கிப் போடவும். உப்பை உறிஞ்சிக்கொள்ளும்.'

"ஆஹா!" என்றார். வினிகரில் குளித்த உருளைக்கிழங்கில் முக்கால்வாசியைப் பருப்பில் கொட்டினார். கால்மணி நேரம் கழித்து ருசி பார்த்தார். உருளைக்கிழங்கு எதையும் உறிஞ்சவில்லை. தன்னிடம் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. பருப்பு இப்போது உப்பாகவும் இருந்தது, புளிப்பாகவும் இருந்தது.

அதற்கு நேர் கீழே, குறிப்பு பத்தொன்பது: 'உருளைக்கிழங்கில் சரியாகாவிட்டால், மாவைப் பிசைந்து உருண்டை பிடித்துப் போடவும். எட்டு உருண்டை.'

"பார்த்தியா, முதல் வழி தப்பினா ரெண்டாவது வழி. திட்டம் போட்டு எழுதியிருக்கா," என்று மனைவியை இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் புகழ்ந்தார். எட்டு உருண்டை போட்டார். அவை மிதந்தன. கிளறினார். காணாமல் போயின. பருப்பு மெல்லக் கெட்டியாகி, குமிழி விட்டு, ஒரு பெருமூச்சோடு அடங்கியது. கரண்டியை நடுவில் நட்டுப் பார்த்தார். காவலாளிபோல விறைப்பாக நின்றது.

அழைப்புமணி அடித்தது. ரிஜிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டுதான். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள்.

அவள் உள்ளே வந்தாள். சமையலறை வாசலில் நின்றாள். தரையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், ஐயாவைப் பார்த்தாள். கடைசியில் மேடையில் திறந்து கிடந்த சிவப்பு நோட்டைப் பார்த்ததும் அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐயா, இதைப் பார்த்தா செய்யறீங்க?"

"பின்னே, உன்னைப் பார்த்தா செய்யணும்?"

"இல்லீங்க ஐயா, அந்த நோட்டு வந்து..."

"ஏம்மா, உன் வேலை என்ன?"

"பாத்திரம் தேய்க்கறதுங்க."

"தேய். சம்பந்தமில்லாதவங்க அபிப்பிராயம் சொல்லக் கூடாது. எங்க தொழிற்சாலையில இருந்தா இந்நேரம் உன்னை வெளியே அனுப்பியிருப்பேன். அதுவுமில்லாம, யாரையும் கேட்கக் கூடாதுன்னு நிபந்தனை. நீ வாயைத் திறந்தா நான் தோத்தவன். புரியுதா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். பால் பாத்திரத்தைக் கையில் எடுத்து, அதன் அடியைப் பார்த்துவிட்டு, பழகிய ஆளைச் சந்தித்தவள்போல லேசாகத் தலையசைத்தாள். பிறகு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

முட்டை வெந்திருந்தது. எட்டு முட்டை. உரிக்க நேரமில்லை. குறிப்பு நாற்பத்திரண்டு: 'அவித்த முட்டைகளை மூடியுள்ள டப்பாவில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகமாகக் குலுக்கினால் ஓடு தானே கழன்றுவிடும்.'

ரிஜிஸ்டர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தார். மரக்கரண்டிக்காக ஒரு குலுக்கு, நுரைக்காக ஒரு குலுக்கு, பருப்புக்காக ரெண்டு, மச்சானுக்காக நாலு, பச்சைப் புடவைக்காரிக்காக எண்ணாமல் ஒரு பத்து. திறந்தார். ஓடு எங்கே, முட்டை எங்கே என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று மனப்பூர்வமாகக் கலந்திருந்தன.

"ஓடு கழன்றிருக்கு!" என்று வாதாடினார், யாரும் கேட்காமலே. "கழன்றுதான் இருக்கு!"

அப்போதுதான் சோறு நினைவுக்கு வந்தது.

மேலே வெள்ளை, நடுவில் மஞ்சள், அடியில் நிலக்கரி. வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. குறிப்பு ஐம்பத்தாறைத் தேடிப் பிடித்தார். 'சோறு அடிப்பிடித்தால் மேலே ரொட்டித் துண்டுகளைப் பரப்பி மூடி வைக்கவும். வாடையை ரொட்டி இழுத்துக்கொள்ளும்.' பரப்பினார். மூடினார். ரொட்டி வாடையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆவியை இழுத்துக்கொண்டு, நனைந்து, சோற்றின் மேல் படுத்துத் தூங்கிவிட்டது. எடுக்கப் போனால் பிய்ந்து பிய்ந்து வந்தது. பாதி வந்தது, பாதி சோற்றோடு குடும்பம் நடத்தியது.

மணி பன்னிரண்டே முக்கால். மிச்சமிருந்த கால்வாசி உருளைக்கிழங்கையாவது வறுத்துவிட வேண்டும். பொரிக்கும்போது எண்ணெய் தெறிக்காமலிருக்க ஒரு சிட்டிகை உப்பு போடச் சொன்னது குறிப்பு எழுபது. போட்டார். ஈரக் கிழங்கைக் கைநிறைய அள்ளி வீசினார்.

எண்ணெய் அவருடைய வெள்ளைச் சட்டையின் மேல் ஒரு தேசப்படம் வரைந்தது. மச்சானுக்கு முன்னால் மிடுக்காக நிற்க வேண்டும் என்று அவரே இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்ட சட்டை.

"அடுப்பை அணைச்சுடுங்க ஐயா," என்றாள் அம்மாள், பாத்திரத்திலிருந்து நிமிராமல்.

"எனக்குத் தெரியும்!" என்று கத்தியபடி அணைத்தார்.

எண்ணெய்க் கறைக்கும் நோட்டில் வழி இருந்தது. தொண்ணூற்றொன்று: 'கறையின் மேல் முகப்பவுடரை நிறையத் தூவவும். எண்ணெயை உறிஞ்சிவிடும்.' படுக்கையறைக்கு ஓடினார். ஒரு டப்பாப் பவுடரைச் சட்டையின் மேல் கவிழ்த்தார். வியர்வை வழிந்தது. பழக்கதோஷத்தில் மின்விசிறியைப் போட்டார்.

அழைப்புமணி அடித்தபோது மணி சரியாக ஒன்று.

கதவைத் திறந்தவரை மச்சான் சற்று நேரம் அடையாளம் கண்டுபிடிக்கப் பார்த்தார். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. நடுவில் இரண்டு சிவந்த கண்கள்.

"மாப்பிள்ளை, என்ன இது, காலையிலேருந்து இவ்வளவு வயசாயிடுச்சு?"

"உள்ளே வாங்க, மச்சான்," என்றார் ரிஜிஸ்டர் பல்லிடுக்கில். "சாப்பாடு தயார்."

மச்சானின் மனைவி மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ரிஜிஸ்டரின் மனைவி சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள்.

பரிமாறினார். பருப்பு கரண்டியை விட்டு இறங்க மறுத்தது. கரண்டியைத் தட்டில் ஓங்கித் தட்டினார். தட்டு கரண்டியோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது.

"மாப்பிள்ளை, இது பருப்பா?"

"பார்த்தா தெரியலையா?"

"பார்த்ததாலதான் கேட்கறேன்."

மச்சான் நல்ல சாப்பாட்டுக்காரர். பசித்த வயிறு எதையும் மன்னித்துவிடும் என்று நம்புகிறவர். ஒரு வாய் சோறு எடுத்து வைத்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். கண் கலங்கியது. தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"அண்ணா, முட்டையில கறுக்கு மொறுக்குன்னு என்னவோ..." என்றாள் மச்சானின் மனைவி தயக்கத்தோடு.

"ஓடு!" என்று சீறினார் ரிஜிஸ்டர். "சுண்ணாம்புச் சத்து! உடம்புக்கு நல்லது!"

மனைவி தட்டைத் தொடவே இல்லை. "பால்ல இனிப்பு?" என்று மட்டும் கேட்டாள்.

அவ்வளவுதான். காலையிலிருந்து மூடி போட்டு அழுத்தி வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் பொங்கியது. அதன் குறுக்கே வைக்க ஒரு மரக்கரண்டியும் இல்லை. ரிஜிஸ்டர் சமையலறைக்குள் பாய்ந்தார். சிவப்பு நோட்டோடு திரும்பி வந்தார். அதை மேசையின் நடுவில் ஓங்கி அடித்தார். பவுடர் ஒரு மேகமாக எழுந்தது.

"பாருங்க மச்சான்! நீங்கதானே நடுவர்? நல்லாப் பாருங்க! உங்க தங்கச்சி கையெழுத்து! ஆறு வருஷமா எழுதி வெச்சிருக்கா! நான் ஒரு எழுத்து மீறலை. அவ என்ன எழுதியிருக்காளோ, அந்த அளவு, அந்த நேரம், அதைத்தான் செஞ்சேன்!"

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதையா? இதைப் பார்த்தா செஞ்சீங்க?"

"ஆமா, இதைப் பார்த்துத்தான்! பால் பொங்காதாம், பொங்குச்சு! உப்பு உறிஞ்சுமாம், உறிஞ்சலை! உருண்டை போடணுமாம், போட்டேன், இப்ப அதை வெச்சு சுவத்துல சுவரொட்டி ஒட்டலாம்! ரொட்டி! பவுடர்! என்னைப் பாருங்க மச்சான், என் மீசையைப் பாருங்க!" ரிஜிஸ்டரின் குரல் உடைந்தது. "இந்த நோட்டை வெச்சுக்கிட்டு இவ ஊர்ப் பொம்பளைங்களுக்குப் பாடம் நடத்தப் போறாளாம்! நாப்பது வீடு! நாப்பது வீட்டு அடுப்பும் இந்தக் கதிதானே ஆகும்? தோத்தது நான் இல்லை மச்சான். தோத்தது இந்த நோட்டு! என் கையில கோளாறு இல்லை, இவ குறிப்புலதான் கோளாறு. தப்புத் தப்பா எழுதி வெச்சிருக்கறவளுக்கு சொல்லிக் குடுக்க என்ன தகுதி இருக்கு? வகுப்புக்கு வரலைன்னு இப்பவே, இங்கேயே, எழுதிக் குடுக்கச் சொல்லுங்க!"

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மனைவியின் முன்னால் வைத்தார். அதுவும் வெள்ளையாக இருந்தது.

மச்சான் தாடையைத் தடவினார். தங்கையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். நோட்டை எடுத்து நாலு பக்கம் புரட்டினார்.

"அது வந்து... மாப்பிள்ளை கேட்கறதுலயும் ஒரு நியாயம் இருக்கும்மா," என்று இழுத்தார். "நீ எழுதினபடிதான் செஞ்சேன்னு சொல்றார். இப்படி ஒரு நோட்டை வெச்சுக்கிட்டு நாலு பேருக்கு முன்னாடி போய் நின்னா, நாளைக்கு நமக்குத்தானே தலைகுனிவு?"

ரிஜிஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். காலையிலிருந்து முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

மனைவி பேனாவைத் தொடவில்லை. கணவனின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நூத்திப் பதினேழுல எத்தனை செஞ்சு பார்த்தீங்க?"

"ஏழு... எட்டு!"

"ஒண்ணுகூட சரியா வரலையா?"

"ஒண்ணுகூட!" என்று மேசையில் குத்தினார். "ஒண்ணே ஒண்ணுகூட உருப்படலை!"

"அப்ப சரியாத்தான் எழுதியிருக்கேன்," என்றாள் மனைவி.

மச்சான் அவளைப் பார்த்தார். மச்சானின் மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள். ரிஜிஸ்டர் நோட்டை இழுத்து, முதல் பக்கத்தில் தான் சிவப்பு மையில் எழுதியதைத் திரும்பப் படித்தார்.

சமையலறை வாசலில், பால் பாத்திரத்தின் அடியைத் தேய்ப்பதை நிறுத்தாமலே, பாத்திரம் தேய்க்கும் அம்மாள் சொன்னாள்:

"அக்காவுக்கு நல்லா வந்ததெல்லாம் கையிலயே இருக்குங்க ஐயா, அந்த நோட்டுக்குப் பேரே 'ஒழுகுற குழாய் நோட்டு'ங்க. 'உருப்படியா வந்ததைப் பத்தி எழுத என்ன இருக்கு, ஊத்திக்கிட்டதை மட்டும் ஒண்ணு விடாம எழுது'ன்னு அதைக் கையில குடுத்தப்பவே அரைமணி நேரம் பாடம் நடத்தினீங்களாமே!"